எல்லைப் பூட்டு

பவளத்துறைக்கு ஹைட்ரஜன் படகுகள் வந்த அன்று ஊரே கடற்கரையில் நின்றது. மொத்தம் நாற்பத்திரண்டு படகுகள். வெள்ளைச் சாயம், நீலக் கோடு, முன்புறத்தில் அரசு முத்திரை. டீசல் மானியம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் படகுகள் மணலில் ஏறிக் காய்ந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் விலையில் பத்தில் ஒன்பது பங்கை அரசே போட்டுக்கொள்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? பழைய டீசல் இன்ஜினை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒப்படைத்தார்கள். வாங்கிய இன்ஜின்களைத் துறைமுகத்திலேயே வைத்து, எல்லோர் கண் முன்னாலும், இரண்டாக அறுத்துப் போட்டார்கள்.

முதல் படகை ஓட்டிப் பார்த்தது பிரிட்டோ. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "எம்மாடி, மோட்டார் ஓடுதா நிக்குதான்னே தெரியல!" என்று கத்தினான். படகின் பின்பக்கக் குழாயில் புகைக்குப் பதிலாகத் தண்ணீர் சொட்டியது. அதை ஒரு டம்ளரில் பிடித்து, எல்லோரும் பார்க்க ஒரு மடக்குக் குடித்தான்.

"ருசியே இல்ல ரெஜி. ஆனா உப்பும் இல்ல."

ரெஜினா சிரித்தாள். அவள் துறைமுகத்தில் இருந்த ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்தின் சர்வீஸ் இன்ஜினியர். அதே ஊரில் பிறந்து, மதுரையில் படித்து, இந்தத் திட்டத்துக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள். பிரிட்டோ அவளுடைய அக்கா கலிஸ்தாவின் கணவன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காவும் மச்சானும்தான் அவளுக்கு எல்லாம்.

"சிலிண்டர்ல இருக்குற ஹைட்ரஜனும் காத்துல இருக்குற ஆக்சிஜனும் சேரும்போது கரண்ட்டு வருது மச்சான். மிச்சம் வர்றது இந்தத் தண்ணிதான்."

"சரி, இது என்ன?" பிரிட்டோ சுக்கானுக்குப் பக்கத்தில் ஈயச் சீல் வைத்து இறுக்கியிருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டினான்.

"எல்லைப் பூட்டு. கடல் எல்லைக் கோட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது கத்தும். அரை மைல்ல வேகத்தக் குறைச்சிரும். கோட்டத் தாண்டுனா சிலிண்டர் வால்வ மூடிரும். லைட்டும் ரேடியோவும் மட்டும் பேட்டரில ஓடும்."

"அப்புறம் எப்படித் திரும்புறது?"

"கோட்டுக்கு உள்ள வந்தா தானாத் தொறந்துரும்."

"உள்ள வர்றதுக்கே மோட்டார் வேணுமே."

இதே கேள்வியை ரெஜினா சென்னையில் நடந்த பயிற்சியில் கேட்டிருந்தாள். அங்கே சொன்ன பதிலை அப்படியே திருப்பிச் சொன்னாள். "ஆபத்துன்னா சென்னைல கண்ட்ரோல் ரூம் இருக்கு. அங்க இருந்து தொறப்பாக."

பிரிட்டோ குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

உண்மையைச் சொல்லவேண்டுமானால், பூட்டு தன் வேலையைச் செய்தது. முந்தைய வருடங்களில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரைச் சிறையில் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். படகுகள் வந்த முதல் வருடத்தில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை. மனுவும் கையுமாகக் கலெக்டர் அலுவலக வாசலில் நின்று பழகிய பெண்கள் வீட்டில் இருந்தார்கள். கலிஸ்தாவே ஒருநாள் நிலையத்துக்கு வந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தில்லியிலும் சென்னையிலும் இருந்த கோப்புகளில் 'கைது' என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதப்பட்டது. அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் அடுத்த கட்டத்துக்கு நிதி கேட்டார்கள்.

ரெஜினா மட்டும் பெட்டிகளின் பதிவுகளை வாராவாரம் பார்த்துவந்தாள். மூன்று படகுகளில் வால்வு கோட்டைத் தொடுவதற்கு முன்பே மூடியிருந்தது. செயற்கைக்கோள் காட்டிய இடத்துக்கும் படகு உண்மையில் நின்ற இடத்துக்கும் அரைக் கிலோமீட்டர் வித்தியாசம். மூன்று முறையும் கடல் அமைதியாக இருந்ததால் பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டது. காற்று இருந்தால்? அவள் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்னொன்று எழுதினாள். அதற்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். காலையில் போன படகுகளில் பெரும்பாலானவை கோட்டிலிருந்து நான்கைந்து மைல் உள்ளே வலை விரித்திருந்தன. வழக்கமான கச்சான் காற்றுதான், மேற்கிலிருந்து வருவது. ஆனால் அன்றைக்கு அது அரை மணி நேரத்தில் பேய் பிடித்ததுபோல் எழுந்தது. வலையை அறுத்துவிட்டுத் திரும்பியவர்கள் தப்பினார்கள். வலையை விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த ஐந்து படகுகளைக் காற்று கிழக்கே தள்ளியது.

நிலையத்தின் ரேடியோவில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"வால்வு மூடிருச்சு! மோட்டார் நின்னு போச்சு!"

"நங்கூரம் பிடிக்கல, சேத்துல இழுத்துக்கிட்டே போவுது!"

"ரெஜி, ரெஜி, தொறக்கச் சொல்லும்மா!" அது ஞானப்பிரகாசத்தின் குரல். அவர் படகில் அவரோடு சேர்த்து நான்கு பேர்.

ரெஜினா சென்னைக்குப் போன் போட்டாள். எடுத்தவனின் குரல் சின்னப் பையனுடையது போலிருந்தது.

"மேடம், ரிக்வெஸ்ட் மேல அனுப்பிட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் திறக்கணும்னா ரெண்டு துறையோட ஒப்புதல் வேணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு சார் மீட்டிங்ல இருக்காரு. இன்னொரு சாருக்கு லைன் கிடைக்கல."

"உங்க ஸ்கிரீன்ல பட்டன் இருக்கா இல்லையா?"

"இருக்கு மேடம். என்னால அழுத்த முடியாது."

அப்போதுதான் ரேடியோவில் பிரிட்டோவின் குரல் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு மேலே, சந்தோஷத்தில் உடைந்து போய்.

"தொறந்துட்டாக! டேய், தொறந்துட்டாகடா! நான் கோட்டுக்கு அங்கிட்டு இருக்கேன், மோட்டார் ஓடுது! கவர்மெண்டு தொறந்துருச்சு, எல்லாரும் சுவிட்சப் போட்டுப் பாருங்கடா!"

ரெஜினாவின் கை ரேடியோவின் மேல் அப்படியே நின்றது. யாரும் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்த வாரம், சர்வீசுக்கு வந்திருந்த பிரிட்டோவின் படகில் ஏறி, பூட்டிலிருந்து வால்வுக்குப் போகும் கம்பியை அவள் கழற்றியிருந்தாள். எச்சரிக்கை ஒலி மட்டும் வழக்கம்போல் கேட்கும்படி விட்டுவிட்டு, புதிய ஈயச் சீல் வைத்துவிட்டாள். பத்து நிமிட வேலை. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் மற்றவர்களுக்கும் கேட்பான் என்று தெரியும்.

மற்ற நான்கு படகுகளிலும் சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றும் ஓடவில்லை.

"ஒவ்வொண்ணாத் தொறப்பாக போல. பொறுங்க, நான் வாரேன்," என்றான் பிரிட்டோ.

அவன் முதல் படகுக்குக் கயிறு வீசிக் கட்டி, காற்றுக்கு எதிராக இழுத்தான். கோட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவந்ததும் அந்தப் படகின் மோட்டார் தானாக உயிர்பெற்றது. கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பினான். இரண்டாவது படகுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றாவதை இழுத்து வந்தபோது தன்னோடு இருந்த மூன்று பேரையும் அந்தப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டான். பிறகு ரேடியோவில் கேட்டான்:

"ரெஜி, சிலிண்டர்ல எவ்வளவு இருந்தா கரைக்கு வரலாம்?"

"இப்ப எவ்வளவு காட்டுது மச்சான்?"

"அறுபது."

"முந்நூத்தம்பதுல அறுபதுதானா? எதுத்த காத்துக்கு அது பத்தாது. திரும்பிருங்க."

"ஞானப்பிரகாசம் அண்ணன் போட்டு கெடக்கு. நாலு பேரு இருக்காய்ங்க."

"மச்சான், சொல்றதக் கேளுங்க. திரும்பிருங்க."

"அட, கவர்மெண்டே தொறந்து விட்டுருக்கு ரெஜி. அப்ப கப்பலும் அனுப்பியிருப்பாக. கேஸ் தீந்தா அவுக இழுத்துட்டு வரப்போறாக. பயப்படாத."

கப்பல் எதுவும் கிளம்பவில்லை. அதையும் அவள் அறிவாள். 'யாரும் தொறக்கல மச்சான், நான்தான் கம்பியக் கழட்டினேன், ஒங்கள இழுக்க யாரும் வரல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த அலைவரிசையில் பேசுவது எல்லாம் சென்னையில் பதிவாகும். ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள். "பாத்துப் போங்க மச்சான்," என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தே முக்காலுக்கு அவன் குரல் நின்றது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஞானப்பிரகாசத்தோடு போன மூன்று பேரின் உடல்கள் அக்கரையில் ஒதுங்கின. ஐந்தாம் நாள் அக்கரை மீனவர்கள் பிரிட்டோவைக் கண்டெடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். ஞானப்பிரகாசம் கிடைக்கவே இல்லை.

சாவு வீட்டுக்கு வந்த அதிகாரிகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் முகம் தெளிந்துவிட்டது. பதிவிலிருந்த பிரிட்டோவின் குரல் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. 'தொறந்துட்டாக! கவர்மெண்டு தொறந்துருச்சு!' எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அது ஓடியது. அரசு உரிய நேரத்தில் பூட்டைத் திறந்தது, அதனால்தான் மூன்று படகுகளும் பதினைந்து உயிர்களும் திரும்பின, மீதிப்பேரை இயற்கை கொண்டுபோனது என்று அறிக்கை வந்தது. பிரிட்டோவுக்கு வீரப் பதக்கம் அறிவித்தார்கள்.

கலிஸ்தா அந்தக் குரலைப் போனில் வைத்திருந்தாள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் போட்டுக் கேட்டாள்.

"எவ்வளவு சந்தோஷமாக் கத்துறாரு பாரு," என்றாள் ஒருநாள். "கடைசி நேரத்துல பயந்து சாகல. கை விட்டுட்டாகன்னு நெனச்சுச் சாகல. எனக்கு அது போதும் ரெஜி."

ரெஜினாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி கழற்றியதை, கப்பல் வராதது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததை.

கலிஸ்தா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். போனை எடுத்து அணைத்துத் தலைகீழாக வைத்தாள்.

"எனக்கு ஏன் சொன்ன?"

"அக்கா..."

"இருந்த ஒண்ணையும் புடுங்கிட்ட." அவள் குரல் உயரவே இல்லை. "சொல்லணும்னா எல்லாருக்கும் சொல்லு. எங்கிட்ட மட்டும் எறக்கி வச்சுட்டுப் போகாத. நான் சுமக்க மாட்டேன்."

விசாரணை கலெக்டர் அலுவலகத்தின் மாடியில் நடந்தது. தலைவர் தணிகாசலம் ஓய்வுபெறும் வயதிலிருந்த அதிகாரி, கத்திப் பேசாதவர். ரெஜினா நின்றபடியே சொல்லி முடித்தாள். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். தணிகாசலம் கண்ணாலேயே அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, ரெஜினாவை உட்காரச் சொன்னார்.

"நீங்க சொன்னது எங்களுக்கு முதல் நாளே தெரியும்மா. சென்னையில எந்தப் பட்டனையும் யாரும் அழுத்தலைன்னு பதிவுலயே இருக்கு. அப்படின்னா உங்க மச்சான் படகு எப்படி ஓடுச்சு? யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரிஞ்சுமா அந்த அறிக்கையக் குடுத்தீங்க?"

"கோபப்படாம கேளுங்க. பூட்டு இருக்குன்னுதான் இந்தத் திட்டத்துக்குப் பணம் வருது. வெளிநாட்டுக் கடன், மத்திய அரசு நிதி, எல்லாம் அந்த உறுதிமொழி மேலதான் நிக்குது. பூட்டு ஆளைக் கொல்லுதுன்னு எழுதினா நாளைக்கே நிரப்பு நிலையத்தை மூடுவாங்க. உங்க ஊர்ல டீசல் இன்ஜின் ஒண்ணாவது இருக்கா?"

ரெஜினா இல்லையென்று தலையசைத்தாள்.

"படகு கட்டிக் கிடந்தா உங்க ஜனங்க என்ன சாப்பிடுவாங்க? சரி, நீங்க சொன்னதையே எழுதுறேன். அரசு சொத்துல கைவெச்சதா உங்க மேல வழக்கு. உங்க மச்சானுக்குப் பதக்கம் இல்ல, உங்க அக்காவுக்கு ஓய்வூதியம் இல்ல. இதனால யாருக்கு நல்லது?"

"ஒப்புதல் முறையையாவது மாத்துங்க சார். அந்தப் பையன் கையிலயே விடுங்க."

"பரிந்துரை பண்ணியிருக்கோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு துறையும் ஒத்துக்கணும்."

அவர் பொல்லாதவராகத் தெரியவில்லை, களைத்துப்போனவராகத்தான் தெரிந்தார். அதுதான் ரெஜினாவுக்குப் பயமாக இருந்தது. அவளுடைய வாக்குமூலம் ஒரு பக்கத்தில் முடிந்தது. வானிலை பற்றி இரண்டு வரி, மீட்புப் பணி பற்றி இரண்டு வரி, கம்பி பற்றி எதுவும் இல்லை. அவள் அதில் கையெழுத்துப் போடவில்லை. போடாததைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

விசாரணை முடியும்வரை கட்டிக் கிடந்த படகுகள் புரட்டாசியில் மறுபடி இறங்கின. முதல் நாள் காலையில் அதிகாரி ஒருவர் வந்து மைக்கில் பேசினார். ஆபத்து என்றால் பூட்டு திறக்கும், அதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது, தைரியமாகத் தொழில் செய்யுங்கள் என்றார். இந்த மாதமே கடற்கரை நெடுக இன்னும் ஆயிரம் படகுகள் வரப்போகின்றன என்றார். கூட்டம் கை தட்டியது.

ரெஜினா ஹைட்ரஜன் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படகில் செங்கோல் வலையை அடுக்கிக்கொண்டிருந்தான். ஞானப்பிரகாசத்தின் தம்பி. அண்ணனுடைய படகுக்குப் பதிலாக அரசு கொடுத்த புதிய படகு அது.

"செங்கோல், இன்னைக்கு எங்கிட்டுப் போறீக?"

"கோட்டு ஓரமாத்தான் ரெஜியக்கா. ரெண்டு மாசமா யாரும் போகல, அங்கதான் மீனு கெடக்கும்."

"காத்து எந்திரிச்சா?"

"இப்பத்தான் தொறந்து விடுறாகல்ல." அவன் கண்ணை எடுக்காமல் வலையைப் பார்த்தபடி சொன்னான். "அன்னைக்கு எங்க அண்ணனுக்குத்தான் அவுக வந்து சேரல. நேரம் பத்தல."

அவள் குழாயைக் கழற்றினாள். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் படகு கிளம்பிவிட்டது. சத்தமே இல்லாத படகு.

பத்து மணிக்கு நிலையத்தின் திரையில் பார்த்தாள். பதினொரு புள்ளிகள் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. முன்பெல்லாம் யாரும் இவ்வளவு நெருங்கமாட்டார்கள். வெளியே கொடிக்கம்பத்துத் துணி மேற்கிலிருந்து கிழக்காக விறைத்துப் பறக்கத் தொடங்கியிருந்தது.

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரேடியோவை எடுத்து, எல்லாப் படகுகளுக்கும் கேட்கும் அலைவரிசையில் வைத்தாள்.

"பவளத்துறை நிலையத்துல இருந்து ரெஜினா பேசுறேன். எல்லாரும் கேளுங்க. பூட்டத் தொறக்க மாட்டாக. அன்னைக்கும் யாரும் தொறக்கல. ரெண்டு துறை கையெழுத்து வரல, இன்னைக்கும் வராது. அத நம்பிக் கோட்டுப் பக்கம் போகாதீக. காத்து எந்திரிக்குது, திரும்பிருங்க."

சென்னைக் குரல் குறுக்கிட்டது. "நிலையம், இந்தத் தகவலுக்கு அனுமதி இல்ல. உடனே நிறுத்துங்க."

"யக்கா." அது செங்கோல். "பிரிட்டோ அண்ணன் போட்டு ஓடுச்சே? நானே கேட்டேனே, தொறந்துட்டாகன்னு சொன்னாரே. அப்பத் தொறந்தது யாரு?"

"நான். சர்வீசுக்கு வந்தப்ப அவரு போட்டுல பூட்டுக் கம்பியக் கழட்டி விட்டேன். அவருக்கே தெரியாது. கவர்மெண்டுதான் தொறந்துச்சுன்னு நம்பிக்கிட்டே போனாரு. நானும் சொல்லல."

சென்னைக் குரல் நின்றுவிட்டிருந்தது. செங்கோல்தான் கேட்டான்.

"எங்க அண்ணன் போட்டுல?"

"கழட்டல."

"அதுவும் சர்வீசுக்கு வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. அதே வாரம் வந்துச்சு." அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "எங்க அக்கா வீட்டுக்காரருன்னு அவரு போட்டுல மட்டும் கழட்டினேன் செங்கோல். மத்தவுகளுக்குச் செய்யப் பயந்துட்டேன்."

காற்று ரேடியோவுக்குள் வீசுவதுபோல் கேட்டது. திரையில் ஒரு புள்ளி நின்றது, தயங்கியது, மேற்கே திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு நான்கு. கடைசி ஐந்து புள்ளிகளும் திரும்பும்வரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திரும்புறோம்," என்றான் செங்கோல். அவன் குரலில் அக்கா என்ற சொல் இல்லை. "கரைக்கு வந்து ஒங்கிட்டப் பேசுறோம். எங்கிட்டும் போயிராத."

"போகமாட்டேன்," என்றாள்.

மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அடிக்கவிட்டு, ரெஜினா வெளியே வந்து, படகுகள் கயிறு வீசும் இடத்தில், அவர்கள் கண்ணுக்கு முதலில் படும்படி போய் நின்றாள்.